துரை முதுகில் சிவப்பு டேப்

குதிரைக்கு டேப் ஒட்டப் படிக்கப் போறேன்னு எங்க அண்ணி சொன்னப்ப, சாப்பிட்டுக்கிட்டிருந்த கையை அப்படியே நிறுத்திட்டேன். "யார் காதுல பூ சுத்துறீங்க?"ன்னு கேட்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சான். அண்ணி சிரிக்கலை, குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாங்க. அப்பவே எனக்கு மூக்கு வேர்த்துப் போச்சு.

வீட்டுல எனக்கு வச்ச பேரு சிஐடி. பக்கத்து வீட்டுக்காரி திடீர்னு பாசமாப் பேசினா, என்ன விஷயம்னு கேப்பேன். கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே பொட்டலம் கட்டினா, பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் நகருவேன். இதுல என்ன தப்பு? உலகம் ஒழுங்கா நடந்தா நான் எதுக்குச் சந்தேகப்படப் போறேன்?

அண்ணியைப் பத்திச் சொல்லணும். எங்க வீட்டுக்கு வந்தப்ப அவங்க ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில, பிசியோதெரபி ரூம்ல உதவியாளரா இருந்தாங்க. இடுப்பு பிடிச்சவங்க, கை முறிஞ்சு கட்டுப் பிரிச்சவங்க, எல்லாரையும் மடக்கி நீட்டி நடக்க வைக்கிற வேலை. தெருவுல யாராவது நொண்டிக்கிட்டுப் போனா அண்ணி கண்ணு முகத்துக்குப் போகாது, காலுக்குத்தான் போகும். "அவருக்கு முட்டியில இல்ல பிரச்சினை, இடுப்புல"ம்பாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியை வித்து, அந்த இடத்துல கார் ஷோரூம் கட்டிட்டாங்க. வேற எங்க போனாலும் சான்றிதழ் கேட்டாங்க, படிப்பு கேட்டாங்க. கடைசியில நான்தான் அவங்களை நான் வேலை பார்க்கிற குதிரை லாயத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்.

நான் அங்க சேணம் தைக்கிறவ. குதிரை முதுகுல போடுற சேணம், வயித்தைச் சுத்திக் கட்டுற வார், கடிவாளம், எது கிழிஞ்சாலும் லாயத்துக்குப் பின்னாடி இருக்கிற என் ரூமுக்குத்தான் வரும். அண்ணிக்குக் கிடைச்சது சாணி வார்ற வேலை. மூஞ்சியைச் சுளிக்காம வாரினாங்க. ஆனா வீட்டுக்கு வந்து கை கழுவுறப்ப மட்டும் ரொம்ப நேரம் கழுவுவாங்க, கழுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. ஒரு உடம்பைத் தொட்டு அது நல்லாகுறதைப் பார்க்கணும், அவங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அது எனக்கும் புரிஞ்சுதான் இருந்துச்சு.

டேப் விஷயத்துக்கு வர்றேன். விளையாட்டுக்காரங்க தோள்லயும் முட்டியிலயும் கலர் கலரா ஒட்டிக்கிட்டு வருவாங்களே, அதேதான். இழுத்தா நீளுற பருத்தித் துணி, ஒரு பக்கம் பசை. அது தோலை லேசாத் தூக்கிப் பிடிக்குமாம், அடியில ரத்தம் நல்லா ஓடுமாம், தசைக்கு வலி குறையுமாம். இப்ப குதிரைக்கும் ஒட்டுறாங்களாம். எத்தனை 'மாம்' பாருங்க.

பயிற்சிக்கு நானும் கூடவே போனேன், வேவு பார்க்கத்தான். ஊருக்கு வெளியே ஒரு கால்நடை ஆஸ்பத்திரியோட பின்பக்கக் கொட்டகை. சொல்லிக் கொடுத்த அம்மா ஒரு கிழட்டுக் குதிரையை வச்சுக்கிட்டு எங்க ஒட்டணும், எங்க ஒட்டக் கூடாதுன்னு காட்டினாங்க. முடிவுல, "சில குதிரைக்குப் பலன் தெரியுது, சிலதுக்குத் தெரியறதில்லை. ஆராய்ச்சி இன்னும் முடிஞ்சபாடில்லை. டாக்டர் பார்க்காத குதிரையைத் தொடவே தொடாதீங்க"ன்னாங்க. திரும்பி வர்ற பஸ்ல நான் சொன்னேன், "தன் சரக்கைத் தானே குறை சொல்றாங்க பாருங்க அண்ணி, இதுல ஏதோ உள்குத்து இருக்கு."

"உண்மையைச் சொன்னாலுமா சந்தேகம்?"

"உண்மையைச் சொல்றவங்க மேலதான் முதல்ல வரணும்"னேன். அண்ணி தலையில அடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க.

வீட்டுல பழகிப் பார்க்கக் குதிரைக்கு எங்க போறது? அண்ணன் கால் இருந்துச்சு. அண்ணன் லாரி ஓட்டுறவன், கெண்டைக்கால்ல முடி அடர்த்தியா இருக்கும். அண்ணி அதை பிரஷ் போட்டுச் சீவி, ஸ்பிரிட் வச்சுத் துடைச்சு, டேப்பு மூலையைக் கத்தரியால வட்டமா வெட்டி ஒட்டுவாங்க. கூரா விட்டா மூலை முதல்ல பிரிஞ்சிடும். நடுவுல மட்டும்தான் கொஞ்சம் இழுவை, ரெண்டு முனையும் இழுக்காம சும்மா படுக்கணும். அப்புறம் உள்ளங்கையால தேய்ச்சுச் சூடேத்தினாத்தான் பசை பிடிக்கும். இதெல்லாம் சரி. பிரிக்கிறப்ப முடி போற பக்கமாப் பிரிக்கணும்கிறதை மறந்து, முதல் தடவை எதிர்ப்பக்கமா உருவிட்டாங்க. அண்ணன் போட்ட சத்தத்துல மாடி வீட்டுக்காரங்க கீழே இறங்கி வந்துட்டாங்க.

"என் கால் என்ன குதிரைக் காலா?"ன்னு அண்ணன் குதிச்சான்.

"குதிரைன்னா இந்நேரம் உதைச்சிருக்கும். நீங்க கத்தத்தானே செய்யறீங்க, நீட்டுங்க காலை"ன்னாங்க அண்ணி.

லாயத்துல துரைன்னு ஒரு குதிரை. நல்ல கறுப்பு. யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பாது, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் திரும்பும், அதனால அந்தப் பேரு. கொஞ்ச காலமா சேணம் வச்சாலே முதுகைக் கீழே இறக்கிக்கும், காதைப் பின்னால மடிச்சுக்கும், பின்னங்காலைக் குட்டை குட்டையா எடுத்து வைக்கும். எல்லாரும் என் சேணத்தைத்தான் சொன்னாங்க. நான் விடுவேனா? அவன் முதுகுல வெள்ளைத் துணியை விரிச்சு, மேல சேணத்தை வச்சு நடத்தி, அழுக்கு எங்க படியுதுன்னு காட்டினேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி படிஞ்சிருந்துச்சு. சேணத்துல குத்தமில்லை. டாக்டர் வந்து பார்த்துட்டு முதுகுத் தசையிலதான் காயம்னாரு. "நீண்ட ஓய்வு வேணும். யாரும் ஏறக் கூடாது. வலி தெரியாம இவன் ஓடினான்னா ஒரு நாள் ஏறினவங்களோட சேர்ந்து கவிழ்ந்துடுவான்"னு சொன்னாரு. டேப் ஒட்டலாமான்னு அண்ணி கேட்டதுக்கு, ஒட்டிப் பாருங்க, கெடுதல் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு.

முதலாளி முதல்ல சிரிச்சாரு. அடுத்த நாள் காலையில அவரே அண்ணியைக் கூப்பிட்டாரு. "ஒட்டும்மா. இவனை எழுப்பிட்டேன்னா நீ சாணி வார்றதை விட்டுடு. சிகிச்சை ரூம்னு ஒண்ணு போட்டுத் தர்றேன், நீதான் அதுக்கு ஆளு. வெளியிலேர்ந்தும் குதிரை வரும்"னாரு. முந்தின நாள் சிரிச்ச மனுஷன் ஒரே ராத்திரியில எப்படி மாறுவாரு? நான் கேட்டேன். யார் காதுலயும் ஏறலை. அண்ணி அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தாங்க, அந்த ரூம்ல மேஜை எங்க போடணும், வெளிச்சம் எந்தப் பக்கம் வரணும்னு. அவ்வளவு பேச்சு அவங்க பேசி நான் கேட்டதே இல்லை.

துரைக்கும் என் குணம்தான். டேப்புக்குப் பின்னாடி இருக்கிற காகிதத்தைக் கிழிக்கிற சத்தம் கேட்டதும் சுவரோரமா ஒதுங்கி முழிச்சான். அண்ணி அவசரப்படலை. அவன் தின்கிறப்ப வாசல்ல நின்னு கிழிச்சாங்க, மறுநாள் இன்னும் ஒரு அடி உள்ளே. கடைசியில அவன் காதுகிட்ட கிழிச்சாலும் தலையைத் தூக்காம மென்னுக்கிட்டிருந்தான். முதல்ல ஒட்டினப்ப, முனையையும் இழுத்து ஒட்டிட்டாங்க. தோல் சுருங்கி, அவன் திரும்பித் திரும்பிக் கடிக்கப் பார்த்தான். அண்ணி அதைப் பிரிச்சுட்டு, அவன் கழுத்தைத் தடவி, "தப்புதான்டா ராசா"ன்னு மன்னிப்பு கேட்டுட்டு, மறுபடி ஒட்டினாங்க.

அப்புறம் நடந்ததுதான் எனக்குச் சரியாப் படலை. சில நாள்லயே துரை நடக்க ஆரம்பிச்சுட்டான். நடக்கிறதுன்னா சும்மா இல்ல, காலை நீட்டி, தலையை ஆட்டி, கல்யாண மாப்பிள்ளை நடை. லாயமே கூடி நின்னு வேடிக்கை பார்த்துச்சு. சாணிக்காரம்மான்னு கூப்பிட்டவங்க எல்லாம் டாக்டரம்மான்னு கூப்பிட்டாங்க. அண்ணிக்கு முகத்துல ஒரு பத்து வயசு குறைஞ்சு போச்சு. முதலாளி பெட்டி பெட்டியா சிவப்பு டேப் வாங்கிட்டு வந்து இறக்கினாரு.

"நீலம் இருக்குதுங்களே"ன்னாங்க அண்ணி.

"சிவப்புதான்மா தூரத்துலேர்ந்தே தெரியும். முதுகு, தொடை, தோள், எல்லா இடத்துலயும் ஒட்டு"ன்னாரு.

தோள்ல என்ன வலி அவனுக்கு? மருந்து வேலை செய்யணுமா, தூரத்துல தெரியணுமா? அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல பிடிச்சுக்கிட்டேன். "அண்ணி, ஓய்வுதான் மருந்துன்னு டாக்டரே சொன்னாரு. இது ரொம்ப வேகமா இருக்கு. அந்த மனுஷன் முழியே சரியில்லை. கொஞ்சம் நிறுத்திப் பாருங்க."

அண்ணி துணி மடிச்சுக்கிட்டிருந்தவங்க, மடிக்கிறதை விட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. "நான் நல்லா இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?"

எனக்குச் சுருக்குன்னு குத்திச்சு. கோவத்துல எழுந்து போயிட்டேன். போய்ப் படுத்தா தூக்கம் வரலை. பிடிக்கலையோன்னு என்னையே சந்தேகப்பட்டேன். அதுக்கப்புறம் லாயத்துல ரெண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கிட்டோம்.

விஷயம் அப்புறம் தெரிஞ்சுது. அங்க சவாரி பழக வர்ற ஒரு பொண்ணுக்கு துரை மேல உயிர். அவ அம்மா அவனை வாங்கித் தர்றதா இருந்தாங்க. பொண்ணு வாரா வாரம் வர்றவ, துரைக்கு முதுகு வலின்னு அவளுக்கு நல்லாத் தெரியும். மறைக்க முடியாது. அதனால முதலாளி மறைக்கவே இல்லை. "வலி இருந்துச்சு, எங்க டாக்டரம்மா டேப் போட்டுக் குணமாக்கிட்டாங்க"ன்னு அவங்களைக் கூட்டிட்டு வந்து சிவப்பு சிவப்பாக் காட்டினாரு. அந்த அம்மா அண்ணியைத் தனியாக் கூப்பிட்டு, நிஜமாவே நல்லாயிடுச்சான்னு கேட்டாங்க. "நல்லாயிட்டான்மா"ன்னாங்க அண்ணி. நம்பித்தான் சொன்னாங்க.

வாங்க வர்ற அன்னைக்குக் காலையில நாங்க சீக்கிரமே லாயத்துக்குப் போனோம். துரை மேல போர்வை போட்டிருந்துச்சு. அண்ணி தூக்கினாங்க. முதுகுல ஒரு டேப்பும் இல்லை. எல்லாம் வைக்கோல்ல கிடந்துச்சு, சுருண்டு, அழுக்காகி. கறுப்பு உடம்பு மட்டும் மினுமினுன்னு இருந்துச்சு. தீனி போடுறவரு பின்னாலேர்ந்து, "முந்தாநாள் சாயங்காலம் முதலாளி மினுமினுப்பு எண்ணெய் அடிக்கச் சொன்னாரும்மா, வாங்க வர்றவங்க பார்க்கிறாங்கல்ல"ன்னாரு. அண்ணி நேத்துக் காலையில வீட்டுக்குச் சீக்கிரம் கிளம்புற அவசரத்துல, போர்வையை முழுசாத் தூக்காம, துடைக்காம, அந்த எண்ணெய் மேலயே புது டேப்பை ஒட்டிட்டுப் போயிருக்காங்க. எண்ணெய்ப் பசையில எந்த டேப்பு நிக்கும்? அவங்க முதுகைத் திருப்பினதுமே விழுந்திருக்கும். குதிரையைப் பளபளன்னு காட்டப் போயி, அந்த ஆளே தன் நாடகத்தைக் கெடுத்துக்கிட்டாரு.

"நேத்து இவன் எப்படி நடந்தான்?"ன்னு அண்ணி கேட்டாங்க.

"ராஜா மாதிரி"ன்னாரு தீனிக்காரர்.

அண்ணி முகம் மாறிப் போச்சு. உள்ளே போயி அந்தப் பழைய வலி இடத்துல விரலை வச்சு அழுத்தினாங்க. என் கையையும் பிடிச்சு வச்சாங்க. தசை கட்டையா இறுகி இருந்துச்சு, கொஞ்சமும் இளகலை. துரை காதைக்கூட அசைக்காம மென்னுக்கிட்டு நின்னான். "காயம் அப்படியே இருக்கு. இவனுக்குத் தெரியலை"ன்னாங்க.

எனக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. எது கொடுத்திருந்தாலும் தீனி வழியாத்தான் போயிருக்கணும்னு தீனி ரூமுக்குப் போனேன். மூட்டைக்குப் பின்னாடி காலிப் பொட்டலங்க கிடந்துச்சு. எடுத்துட்டு வந்து அண்ணிகிட்ட நீட்டினேன். மேல இருந்த பேரைப் படிச்சாங்க. ஆஸ்பத்திரியில அவங்க பார்த்த அதே வலி மருந்து, குதிரைக்குன்னு தனியா வர்ற பொடி. தீனிக்காரர் பாவம், தலையில கையை வச்சுக்கிட்டாரு. "உடம்பு தேறுற பொடின்னுதான் முதலாளி கொடுத்தாரு. தவிட்டுல கலந்து வச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க டேப் ஒட்ட ஆரம்பிச்சீங்களே, அன்னையிலேர்ந்துதான்மா."

அண்ணி அங்க கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. வாசல்ல கார் வர்ற சத்தம் கேட்டுச்சு. நான் சொன்னேன், ஊரையே சந்தேகப்படுற நானே சொன்னேன்: "பேசாம இருங்க அண்ணி. விக்கிறது அவரு, வாங்குறது அவங்க. இப்ப வாயைத் திறந்தா ரூமும் போச்சு, பேரும் போச்சு." அண்ணி எழுந்து வெளியே போனாங்க.

துரையைச் சேணம் போட்டு முற்றத்துல கொண்டு வந்து நிறுத்தியாச்சு. முதலாளி டேப் எங்கன்னு கண்ணாலயே கேட்டாரு. அண்ணி தலையைத் திருப்பிக்கிட்டாங்க. சரி போன்னு அவரே சமாளிச்சாரு, "இனிமே டேப்பே தேவையில்லைன்னு எடுத்துட்டாங்க பாருங்க, அவ்வளவு கைராசி"ன்னு. வாங்க வந்த அம்மா சிரிச்சுக்கிட்டே அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பொண்ணு ஒரு காலை மிதிவளையத்துல வச்சு எம்பப் போனா.

அண்ணி கையை உருவிக்கிட்டுப் போயி கடிவாளத்தைப் பிடிச்சாங்க. "ஏறாதே கண்ணு. இவனுக்கு வலி போகலை. தீனியில மருந்து கலந்திருக்காங்க. நான் ஒட்டின டேப் விழுந்து கிடந்தப்பவும் இவன் இப்படித்தான் நடந்திருக்கான்."

முதலாளி சிரிச்ச முகம் மாறாம வந்தாரு. "அப்ப உன் டேப் வேலை செய்யலைன்னு எல்லார் முன்னாடியும் நீயே ஒத்துக்கிறியா?"

அது நான் இத்தனை மாசமா வீட்டுல சொன்ன அதே வார்த்தை. அந்த ஆள் வாயிலேர்ந்து வந்தப்ப அவரு மூஞ்சியில வாரை வச்சு விளாசலாம்னு வந்துச்சு.

"ஆமாங்க"ன்னாங்க அண்ணி. "இவனை நடக்க வச்சது என் டேப் இல்லை."

அந்த அம்மா நன்றி சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அவங்க அண்ணியை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "போன வாரம் நான் கேட்டப்ப நல்லாயிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம்மா. உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டரைக் கூட்டிட்டு வந்து ரத்தம் எடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் பொண்ணை ஏத்தாதீங்க, அது போதும்."

அந்த அம்மா மகளைத் தோளைப் பிடிச்சு இறக்கினாங்க. நீங்க எல்லாரும் கூட்டுக் களவாணிங்கன்னு சொல்லிட்டு, எங்க டாக்டரோடதான் திரும்பி வருவேன், அதுவரை இவனை யாரும் தொடக் கூடாதுன்னும் சொல்லிட்டுக் காரை எடுத்தாங்க. பொண்ணு பின் சீட்டுல அழுதுக்கிட்டே போச்சு. கார் வளைவு திரும்பினதும் முதலாளி அண்ணிக்கு வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினாரு. நானும் என் ஊசியையும் நூலையும் எடுத்துக்கிட்டு ரூமைப் பூட்டிச் சாவியை அவரு காலடியில போட்டேன். சேணத்தை அவரே தைச்சுக்கட்டும்.

அண்ணி கத்தரியை எடுக்க உள்ளே போனவங்க வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். ஸ்பிரிட் வச்சு துரை முதுகுல இருந்த எண்ணெயைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க.

"என்ன அண்ணி இது? வேலை செய்யலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அந்த மருந்து இருந்தப்ப என் டேப் என்ன செஞ்சுதுன்னு யாருக்குடி தெரியும்? இனிமே பொடி போட மாட்டாங்க. வலி திரும்ப வரும். அப்ப இது ஒட்டியிருந்தாத்தான் இதுக்குச் சக்தி இருக்கா இல்லையான்னு தெரியும்"னாங்க. நீல டேப்பை எடுத்து மூலையை வட்டமா வெட்டினாங்க. முதுகுல படுக்க வச்சு, உள்ளங்கையால தேய்ச்சுக்கிட்டிருக்கிறப்பவே காவலாள் வந்து கிளம்புங்கம்மான்னுட்டான். ஒரு பக்கம்தான் ஒட்டி முடிஞ்சிருந்துச்சு.

பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்ததும் அண்ணிக்கு அழுகை வந்துடுச்சு. வேலை போனதுக்கு அழறாங்கன்னு நினைச்சு, வேற லாயம் பார்ப்போம் அண்ணின்னேன். தலையை ஆட்டினாங்க.

"முதல் நாள் பிரிச்சுட்டு மறுபடி ஒட்டினப்ப அவன் ஒரு பெருமூச்சு விட்டான், தலையைக் கீழே தொங்கப் போட்டான். வலி குறையற உடம்பு அப்படித்தான் செய்யும், நான் எத்தனை பேர்கிட்ட பார்த்திருக்கேன். அது மருந்தா, என் கையா? நீ பொய் சொல்ல மாட்டே. என்னைத் தேத்தறதுக்காகக்கூடச் சொல்ல மாட்டே. நீ சொல்லு, கொஞ்சமாவது என் கையா இருக்குமா?"

எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கிற வாய் எனக்கு. ஆமான்னு சொல்லிடணும்னு உயிரே துடிச்சுது. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "தெரியலையே அண்ணி"ன்னேன்.